காற்றைக் கைவிடாதவர்கள்

தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் பழைய கோட்டையைப் பார்க்காதவர்கள்கூட அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1620ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதருடன் உடன்படிக்கை செய்துகொண்ட டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. டென்மார்க் என்னும் சின்னஞ்சிறு தேசத்திலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு, நெடுநாள் கடலில் அலைந்து அவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் கப்பல்களில் நிலக்கரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. பாய் இருந்தது, காற்று இருந்தது, அவ்வளவுதான். வியாபாரத்துக்கு வந்தவர்கள் 225 ஆண்டுகள் இருந்துவிட்டு, 1845இல் ஊரையும் கோட்டையையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

அத்துடன் நமக்கும் அவர்களுக்கும் இருந்த சம்பந்தம் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. 1990ஆம் ஆண்டையொட்டி அதே தேசத்தார் மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இந்த முறை மிளகுக்காகவும் துணிக்காகவும் அல்ல. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றிலும், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும் காற்றாலைகள் நிறுவுவதற்கு அவர்களுடைய அரசாங்கம் உதவி செய்தது. முன்பு காற்றில் ஏறி வந்தவர்கள், பின்பு காற்றைப் பிடிக்கும் யந்திரத்துடன் வந்தார்கள். இந்த இரண்டு வரவுகளுக்கும் நடுவே டென்மார்க்கில் நடந்த கதை ஒன்று உண்டு. அதில் ராஜாக்கள் இல்லை, சேனாதிபதிகளும் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர், அவருடைய மாணாக்கர், ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஒரு தீவு மக்கள் ஆகியோர்தான் பாத்திரங்கள். பூமி சூடேறிக்கொண்டிருக்கிறது என்று உலகமே கவலைப்படும் இந்த நாளில், அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

கதைக்குள் போகுமுன் வியாதி இன்னதென்று சொல்லிவிட வேண்டும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தால் கரியமிலவாயு உண்டாகிறது. அது வானத்தில் கலந்து, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் போர்வையைப் போல் தடுத்து நிறுத்துகிறது. போர்வை தடிக்கத் தடிக்க உள்ளே புழுக்கம் அதிகமாகும் அல்லவா? இதை இன்று நேற்றுக் கண்டுபிடித்ததாக நினைக்கிறோம். ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ஸ்வாண்டே அர்ரீனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, மாதக் கணக்கில் பாடுபட்டுக் கணக்குப் போட்டுவிட்டார். காற்றிலுள்ள கரியமிலவாயு இரட்டித்தால் பூமியின் வெப்பம் ஐந்தாறு டிகிரி உயரும் என்பது அவர் கண்ட விடை. அந்த விடை கொஞ்சம் மிகையாக இருந்தாலும், வழி சரியான வழிதான். ஆனால் குளிர் தேசத்தில் பிறந்தவராகையால், வெப்பம் கூடினால் நல்லதுதானே என்று அவர் எண்ணினார். அவரைக் குறை சொல்ல வேண்டாம். மார்கழிப் பனியில் நடுங்குகிறவனுக்குச் சித்திரை வெயில் சொர்க்கமாகத்தான் தோன்றும்.

அர்ரீனியஸ் ஸ்டாக்ஹோமில் வியாதியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பக்கத்துத் தேசமான டென்மார்க்கில் ஒருவர் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். அது இந்த வியாதிக்கு மருந்து என்பது அவருக்குத் தெரியாது. அவர் பெயர் போல் லா கூர்.

லா கூர் 1846இல் பிறந்தவர். வானிலை சாஸ்திரம் பயின்று, டென்மார்க்கின் வானிலை நிலையத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். தந்தி யந்திரத்தில் புதுமைகள் செய்து பெயரும் வாங்கினார். அப்படிப்பட்டவர் 1878இல் தலைநகரத்தை விட்டுவிட்டு, அஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவருடைய உறவினர்கள் நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் சாதாரணமானதல்ல. 1864இல் நடந்த யுத்தத்தில் டென்மார்க் தோற்று, தன் தென்பகுதி மாகாணங்களைப் பறிகொடுத்தது. எல்லைக்கோடு வடக்கே நகர்ந்தது. ரோடிங் என்ற ஊரில் இருந்த பிரபலமான பள்ளி அயலார் வசமாகிவிடவே, ஆசிரியர்கள் எல்லையைத் தாண்டி வந்து அஸ்கோவில் புதுப் பள்ளி தொடங்கினார்கள். குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே படிப்பு நடந்தது. பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. கிரண்ட்விக் என்ற சமயப் பெரியார் வகுத்த முறை அது. இழந்த மண்ணை மீட்க முடியாவிட்டாலும், இருக்கிற மண்ணில் வாழ்கிற மனிதர்களை உயர்த்தலாம் என்ற பிடிவாதம் அந்தப் பள்ளியின் சுவர்களில் ஊறியிருந்தது.

மின்சார விளக்கு அப்போதுதான் பட்டணங்களுக்கு வந்துகொண்டிருந்தது. பட்டணத்துக்கு வந்தது, கிராமத்துக்கு வருமா? வராவிட்டால் வாலிபர்கள் எல்லோரும் பட்டணத்துக்கு ஓடிவிட மாட்டார்களா? லா கூரின் கவலை இது. டென்மார்க்கில் நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. மலையிலிருந்து விழும் அருவியும் இல்லை. இருந்தது ஓயாமல் வீசும் கடற்காற்று ஒன்றுதான். 1891இல் அரசாங்கத்தின் பண உதவியுடன் பள்ளிக்கு அருகில் ஒரு காற்றாலையை எழுப்பினார். மாவரைக்கும் காற்றாலைகள் அந்நாட்டில் ஏராளம். இது மாவரைக்கவில்லை, மின்சாரம் அரைத்தது.

காற்றிலிருந்து மின்சாரம் எடுத்ததில் அவர் முதல்வர் அல்லர். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் 1887இலேயே தம் வீட்டுத் தோட்டத்தில் அதைச் செய்து விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தில் ஊர்த் தெருவுக்கும் விளக்குப் போடுகிறேன் என்றார். இது சைத்தானின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள்! அடுத்த ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் என்பவரும் பிரம்மாண்டமான காற்றாலை ஒன்றைக் கட்டினார். லா கூர் ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்டார். காற்று அடிக்கும்போது சரி; அடிக்காதபோது என்ன செய்வது?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். களத்து நெல்லுக்கு அது போதும். விளக்குக்குப் போதாது. காற்று பகலில் வீசிவிட்டு ராத்திரி ஓய்ந்துபோனால் விளக்கு எப்படி எரியும்? பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிகிறது. லா கூர் காற்று வீசும்போது இந்த வாயுக்களைப் பிரித்துப் பெரிய தொட்டிகளில் அடைத்துவைத்தார். காற்று ஓய்ந்த வேளைகளில் அவற்றை எரித்து விளக்கேற்றினார். 1895 முதல் 1902 வரை அஸ்கோவ் பள்ளியில் மாணவர்கள் படித்தது இந்த வெளிச்சத்தில்தான். ஹைட்ரஜன் சாதுவான வாயு அல்ல. பிராணவாயுவோடு கலந்துவிட்டால் வெடிக்கும். வெடித்து, பள்ளியின் சன்னல் கண்ணாடிகளை மாற்ற வேண்டி வந்ததும் உண்டு. ஆயினும் ஆசிரியரும் அசரவில்லை, பள்ளியும் அவரை வெளியே அனுப்பவில்லை.

அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, விதவிதமான இறக்கைகளை அதில் வைத்துச் சோதித்தார். நிறைய இறக்கைகள் மெதுவாகச் சுழல்வதைவிட, சில இறக்கைகள் வேகமாகச் சுழல்வதே மின்சாரத்துக்கு ஏற்றது என்று கண்டார். 1904இலிருந்து கிராமத்து வாலிபர்களைச் சேர்த்து மின்சார வேலை கற்றுக்கொடுத்தார். 1908இல் அவர் காலமானார். பத்து வருஷங்களில், அதாவது 1918 வாக்கில், டென்மார்க்கில் சுமார் 120 கிராம மின்நிலையங்கள் காற்றாலைகளுடன் இயங்கின. முதல் உலக யுத்தத்தில் எண்ணெய்க்குத் திண்டாட்டம் வந்தபோது, அந்தக் கிராமங்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யுத்தம் முடிந்தது, எண்ணெய் வந்தது. அதுவும் மலிவாக வந்தது. காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டாவது யுத்தம் வந்ததும் மறுபடியும் தேடினார்கள். அது முடிந்ததும் மறுபடியும் மறந்தார்கள். கஷ்ட காலத்தில் நாடிவரும் உறவினரைச் சுகம் வந்ததும் மறப்பது மனித இயல்புதானே?

ஆனால் ஒருவர் மறக்கவில்லை. 1904இல் லா கூரிடம் பாடம் கேட்ட வாலிபர்களில் யொஹான்னஸ் யூல் என்பவரும் இருந்தார். பிற்பாடு அவர் ஒரு மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயராகிவிட்டார். மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயதில் அவர் இளமையில் கற்ற பாடத்தை எடுத்துத் தூசி தட்டினார். 1957இல், எழுபதை எட்டிக்கொண்டிருந்த சமயத்தில், டென்மார்க்கின் தென்கோடியிலுள்ள கெட்ஸெர் என்னும் இடத்தில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தினார். அதற்கு மூன்று இறக்கைகள். புயலில் கட்டுக்கு மீறிச் சுழன்றால் இறக்கைகளின் நுனி தானாகவே திரும்பி வேகத்தைத் தடுக்கும். மின்சாரம் நேரே பொதுக் கம்பிகளுக்குப் போகும். இன்று உலகெங்கும் நாம் காணும் மூன்று இறக்கைக் காற்றாலைக்கு மூதாதை என்று அதைச் சொல்லலாம். பத்து வருஷங்களுக்கு மேல் பெரிய பழுது எதுவும் இல்லாமல் ஓடிற்று. ஆனால் எண்ணெய் மின்சாரம் அதைவிட மலிவு என்று கணக்கு சொல்லிற்று. 1967இல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் யூல் மறைந்தார். தாம் கட்டிய யந்திரம் அசையாமல் நிற்பதைக் கிழவர் எத்தனை தடவை பார்த்தாரோ!

அவர் மறைந்த நான்காம் ஆண்டில் உலகம் புரண்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. விலை விஷம்போல் ஏறிற்று. டென்மார்க் தனக்கு வேண்டிய எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருந்த தேசம். நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கார் ஓட்டக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஜனங்கள் பெருஞ்சாலைகளின் நடுவே சைக்கிளில் போனார்கள். குழந்தைகளுக்கு அது திருவிழா, பெரியவர்களுக்குப் பாடம்.

மின்சாரக் கம்பெனிகள் எண்ணெயை விட்டு நிலக்கரிக்குத் தாவின. அரசாங்கம் அணுசக்தியை யோசித்தது. அதற்குள் கிராமத்தில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. ஹெர்னிங் நகரத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்டியன் ரீஸகர் என்ற தச்சர், யூலின் யந்திரத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, கடையில் கிடைக்கிற மோட்டாரையும் மர இறக்கைகளையும் சேர்த்துத் தம் தோட்டத்திலேயே 22 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் செய்துவிட்டார். ஹென்ரிக் ஸ்டீஸ்டல் என்ற, அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்த பையனும், கார்ல் எரிக் யோர்கென்ஸன் என்ற கொல்லரும் சேர்ந்து இன்னொன்று செய்தார்கள். அவர்களுடைய அமைப்பை 1979இல் விலைக்கு வாங்கியது, விவசாயச் சாமான்கள் செய்துகொண்டிருந்த வெஸ்டாஸ் கம்பெனி. இன்று அது உலகத்தின் மிகப் பெரிய காற்றாலைக் கம்பெனிகளுள் ஒன்று. ட்விண்ட் என்ற இடத்திலோ ஆசிரியர்களும் மாணவர்களும் நூற்றுக்கணக்கான தொண்டர்களுமாகக் கூடி, மூன்றாண்டு உழைத்து, 1978இல் 54 மீட்டர் குறுக்களவுள்ள இறக்கைச் சக்கரத்தைச் சுழலவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அது சுழன்றது.

இதே காலத்தில் ஜெர்மனியும் சும்மா இருக்கவில்லை. பெரிய கம்பெனிகளையும் நிபுணர்களையும் கொண்டு, ஏராளமாகப் பணம் செலவழித்து, 3000 கிலோவாட் ராட்சதன் ஒன்றை 1983இல் நிறுத்தினார்கள். குரோவியான் என்று அதற்குப் பெயர். கோபுரம் மட்டும் 100 மீட்டர் உயரம். மொத்தம் சில நூறு மணி நேரம்தான் ஓடியது. விரிசல் விட்டது, 1988இல் பிரித்துப் போட்டுவிட்டார்கள். நிபுணர்கள் தோற்ற இடத்தில் தச்சரும் கொல்லரும் ஜெயித்தது எப்படி?

அவர்கள் சிறியதாக ஆரம்பித்தார்கள் என்பது முதல் காரணம். 22 கிலோவாட் ஒழுங்காக ஓடினால் அடுத்தது 55. அதுவும் ஓடினால் இன்னும் பெரியது. குழந்தை தவழ்ந்து, நின்று, பிறகு நடப்பதுபோல. இரண்டாவது காரணம், அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. காற்றாலைச் சொந்தக்காரர்கள் 1978இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். எந்த யந்திரம் இந்த மாதம் எவ்வளவு மின்சாரம் கொடுத்தது என்று தங்கள் பத்திரிகையில் பகிரங்கமாக அச்சிட்டார்கள். மட்டமான சரக்கை விற்றவன் அடுத்த இதழிலேயே அகப்பட்டுக்கொண்டான்! அரசாங்கமும் ரிஸோ என்ற இடத்தில் சோதனை நிலையம் வைத்து, அங்கே தேறிய யந்திரங்களுக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்தது. மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் பெரியது. அக்கம்பக்கத்தார் கூடிப் பங்கு போட்டுக் காற்றாலை வாங்கினார்கள். 1990களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் காற்றாலையில் பங்கு இருந்தது. அயலான் வீட்டு நாய் குரைத்தால் தூக்கம் கெடுகிறது. நம் வீட்டு நாய் குரைத்தால் காவல் இருக்கிறது என்று தூங்குகிறோம். காற்றாலையின் சத்தமும் அப்படித்தான்.

இதற்கு நல்ல சாட்சி சாம்ஸோ என்ற தீவு. உருளைக்கிழங்குக்குப் பேர்போன இடம். ஜனத்தொகை நாலாயிரத்துச் சொச்சம். எந்தத் தீவு பத்து வருஷத்தில் புதுப்பிக்கக்கூடிய எரிசக்தியிலேயே வாழ்ந்து காட்டும் என்று டென்மார்க் அரசாங்கம் 1997இல் ஒரு போட்டி வைத்தது. சாம்ஸோ ஜெயித்தது. ஊர்க்காரரும் ஆசிரியருமான ஸோரென் ஹெர்மன்ஸன் வீடு வீடாகப் போய், கூட்டம் கூட்டிப் பேசினார். உலகத்தைக் காப்பாற்றுங்கள் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. இதில் உங்களுக்கு என்ன வரும், ஊருக்கு என்ன வரும் என்று பேசினார். நிலத்தில் 11 காற்றாலைகள், கடலில் 10 காற்றாலைகள் எழும்பின. வீடுகளைச் சூடேற்ற, வயலில் மிஞ்சும் வைக்கோலை எரித்து வெந்நீரைக் குழாய் வழியே அனுப்பினார்கள். கார்களும் படகுகளும் எண்ணெயில்தான் ஓடின. அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகக் கடற்காற்றாலைகளின் மின்சாரத்தைத் தேசத்துக்கு அனுப்பினார்கள். பத்து வருஷக் கெடு முடியுமுன்பே தீவு தன் தேவைக்கு மேல் மின்சாரம் செய்தது.

கவனித்தீர்களா? லா கூருக்குக் காரணம் கிராமத்து விளக்கு. யூலுக்குக் காரணம் இளமையில் கற்ற பாடம். 1973இல் காரணம் எண்ணெய்ப் பஞ்சம். 1990களில்தான் கரியமிலவாயு என்ற காரணம் முன்னுக்கு வந்தது. 1991இல் உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணையை விண்டெபி என்ற இடத்தில் டென்மார்க் அமைத்தது. 1992இல் கரியமிலவாயுவுக்கு வரி போடத் தொடங்கியது. காரணம் மாறிக்கொண்டே வந்தது, காரியம் மாறவில்லை. பக்கத்தில் எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோதெல்லாம் உலகம் கைவிட்ட வேலையை, யாரோ ஒருவர் தோட்டத்து மூலையில் விடாமல் செய்துவந்ததால்தான், தேவை வந்தபோது தேசம் அதைக் கையில் எடுக்க முடிந்தது.

டென்மார்க்கைத் தெய்வமாக்கிக் கற்பூரம் காட்ட வேண்டியதில்லை. வட கடலில் அவர்களும் 1972 முதல் எண்ணெய் எடுத்தார்கள். காற்றாலைகள் பெருகிய காலத்திலும் வெகுநாள் வரை அவர்களுடைய மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வந்தது. 2020இல்தான் புதிதாக எண்ணெய்க் கிணறு தேட உரிமம் இல்லை, 2050உடன் தோண்டுவதே நின்றுவிடும் என்று முடிவு செய்தார்கள். மாடும் பன்றியும் வளர்த்துப் பாலும் மாமிசமும் விற்கிற நாடு அது. கால்நடைகள் விடும் மீத்தேன் என்ற வாயுவும் பூமியைச் சூடாக்குகிறது. 2030 முதல் அதற்கும் வரி என்று 2024இல் உடன்பாடு செய்திருக்கிறார்கள். இருந்தாலும் கணக்கு கணக்குத்தான். இன்று அவர்களுடைய மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றிலிருந்து வருகிறது. காற்று ஓய்ந்தால் நார்வேயின் அருவி மின்சாரம் கடலடிக் கம்பி வழியே வருகிறது. காற்று மிஞ்சினால் இவர்களுடையது அங்கே போகிறது. மிஞ்சியதைக்கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் சேர்க்கலாமே என்று இப்போது என்ஜினீயர்கள் திட்டம் போடுகிறார்கள். அஸ்கோவ் ஆசிரியர் இருந்தால் சிரித்திருப்பார்.

நமக்கும் காற்றுக்கும் பழக்கம் இல்லாமலில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொன்னவர்கள் நாம். பாலக்காட்டுக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் மேற்குக் காற்று புகுந்து வரும் வேகத்தை அந்தப் பக்கத்தவர்கள் அறிவார்கள். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் ஆரம்பித்த முயற்சி, இன்று தமிழ்நாடெங்கும் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. லா கூரின் கேள்விக்கு நம்மிடம் ஒரு விடையும் உண்டு. ஆனைமலைப் பகுதியிலுள்ள கடம்பாறையில், மின்சாரம் மிஞ்சும் வேளையில் தண்ணீரை மேலே உள்ள நீர்த்தேக்கத்துக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும் வேளையில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். காற்றுக்கு அதுவும் ஒரு களஞ்சியம்தான். இத்தகைய களஞ்சியங்கள் இன்னும் பல வேண்டும். முக்கியமாக, முப்பந்தலில் சுழலும் இறக்கைகளில் அந்த ஊர்க் குடும்பங்களுக்கும் பங்கு வேண்டும். சாம்ஸோவின் பாடத்தில் நாம் இன்னும் படிக்காத பக்கம் அது.

1958இல் ஹவாய்த் தீவின் மலைமீது காற்றிலுள்ள கரியமிலவாயுவை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கெட்ஸெரில் யூலின் யந்திரம் ஓட ஆரம்பித்த மறு வருஷம் அது. அந்த யந்திரத்தை 1967இல் நிறுத்தாமல், பத்து நாடுகள் அதைப் பார்த்துப் பத்தாயிரம் யந்திரங்கள் செய்திருந்தால், இன்று அந்த எண் எவ்வளவாக இருந்திருக்கும்? நடக்காததைப் பற்றிச் சரித்திரம் பேசாது. ஆனால் மலிவான ஒன்று கையில் கிடைத்ததும் நல்ல ஒன்றை நழுவவிட்டோம் என்பதைச் சரித்திரம் இரண்டு மூன்று தடவை எழுதிவைத்திருக்கிறது. இனி ஒரு தடவை அப்படி எழுத இடம் கொடுக்கலாகாது.